முப்பது மில்லியும் ஒரு கொசுறும்

அல்லா பிச்சை பாய் அளவைக் குறைத்துவிட்டார் என்று யாராவது சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரே சிரிக்கும் என்று நினைத்திருந்தேன். சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்படியும் இருக்குமோ என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் பரிபூரணம், அவர் கடையை ஒட்டிய ஜெராக்ஸ் கடைக்காரி. பதினேழு வருஷமாக அவர் கடை ஆயில் வாடையைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு அந்த உரிமை போதும். அவர் மனைவி ரமீஜா இன்னும் நன்றாகச் சொல்வார்தான். ஆனால் திட்டில் ஆரம்பித்துத் திட்டிலேயே முடிப்பார்.

பாய்க்கு அறுபத்தொரு வயது. கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஒன்று இருந்தது. ஆடிக் காற்றில் விழுந்ததை எடுத்து ஆயில் பேரலுக்கு மூடியாகப் போட்டுவிட்டார். விற்பது எல்லாம் சில்லறை ஆயில். அதில் அதிகம் போவது டூ-டி ஆயில். அது என்னவென்று எனக்கே புரியப் பல வருஷம் ஆனதால் இங்கே சொல்லிவிடுகிறேன். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோலோடு உள்ளே போகிற அந்த ஆயில்தான் பிஸ்டன் தேயாமல் வழுக்கி ஓடக் காரணம். மாந்தோப்பில் மருந்தடிக்கிற ஸ்பிரேயர், புல்வெட்டுகிற மிஷின், பழைய மொபெட், என் கடையில் கரண்ட் போனால் கத்துகிற குட்டி ஜெனரேட்டர் எல்லாம் அந்த ரகம்தான். மகாராஜபுரம், வன்னியம்பட்டி ஆட்கள் பெட்ரோலைக் கேனில் கொண்டு வந்து நீட்டுவார்கள். லிட்டருக்கு ஒரு குவளை ஆயில் ஊற்றிக் குலுக்கிக் கொடுப்பார் பாய். அலுமினியக் குவளை, முப்பது மில்லி.

குவளையைக் கவிழ்த்ததோடு அவர் விட மாட்டார். பாட்டிலை நேராகக் கேனின் வாயில் வைத்து ஒரு சரிப்பு சரிப்பார். அதுதான் கொசுறு. காய்கறிக் கடையில் கறிவேப்பிலைக்குக் கெஞ்சுகிற மாதிரி யாரும் கேட்க வேண்டியதில்லை, கேட்காமலே விழும். ஐந்து லிட்டர் என்றால் ஐந்து குவளை, ஐந்து சரிப்பு. ஒருநாள் அவசரத்தில் ஒருவர் சரிப்பு விழுவதற்குள் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாய் பாட்டிலும் கையுமாகத் தெரு முக்கு வரைக்கும் அவர் பின்னால் ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று ரமீஜா திட்டினார்.

அவருக்கு ஒரே மகள் ரிஸ்வானா. ராஜபாளையத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் அதே ஊரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற ஆபித்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பையன் தங்கமான பையன். ஒரே ஒரு கிறுக்கு, மண் ரேஸ். வற்றிய கண்மாய்க்குள் மேடும் பள்ளமுமாக வெட்டி வைத்துக்கொண்டு பைக்கில் சுற்றிச் சுற்றிப் பறப்பார்கள். அதற்கென்று ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியை வாங்கி, தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்து, எலும்பும் தோலுமாக வைத்திருந்தான்.

பாய்க்கு இது துளியும் பிடிக்கவில்லை. மாடு போகவே யோசிக்கிற இடத்தில் மனுஷன் எதற்குப் போக வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். மருமகனிடமும் நேராகவே சொல்லியிருந்தார். ஆனால் ரேஸ் வண்டிக்கு ஆயில் கலக்க வேறு ஆளைத் தொட விட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் என்றால் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆபித் கேனோடு வந்துவிட வேண்டும். ரேஸ் வேண்டாம், ரேஸுக்கு ஆயில் மட்டும் நான்தான் ஊற்றுவேன் என்பார். இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

குழப்பம் மாசியில் ஆரம்பித்தது. வண்டி கொசுமருந்து அடிக்கிற மிஷின் மாதிரி புகை கக்கியது. ஆபித் என் கடை வாசலில் வைத்துத்தான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். மூக்கெல்லாம் கறுப்பு. பிளக்கின் மூக்கு டீ நிறத்தில் இருந்தால் கலவை சரி, வெளுத்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்தால் பெட்ரோலோ ஆயிலோ கூடுதல் என்று எனக்கு விளக்கினான். அப்புறம் மாமனாரிடம் லிட்டருக்கு எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று கேட்டான். பாய் யோசிக்கவே இல்லை, முப்பது என்றார். முப்பதுதான் வேண்டும், முப்பதுதான் விழுகிறது. அப்படியென்றால் கூடுதலாகப் போவது பெட்ரோல்தான் என்று ஆபித் முடிவு கட்டினான்.

கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது, சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. அதன் நடுவில் ஒரு ஓட்டை. அது வழியாகத்தான் பெட்ரோல் என்ஜினுக்குப் போகும். ஓட்டையின் அளவுக்கு ஒரு நம்பர், நம்பர் குறையக் குறைய ஓட்டையும் சின்னது. ஆபித் நூற்றிருபதைக் கழற்றிவிட்டு நூற்றிப்பதினைந்தை மாட்டினான். புகை நிற்கவில்லை. நூற்றிப்பத்தை மாட்டினான். புகை அப்படியே இருந்தது, கூடவே என்ஜின் சூடாக ஆரம்பித்தது. அவன் அதைச் சொன்ன வெள்ளிக்கிழமை பாயின் முகம் சுருங்கிப்போனது. அன்று குவளைக்குப் பின்னால் விழுந்த சரிப்பு வழக்கத்தை விட நீளமாக இருந்தது. பாசம் என்று நினைத்துக்கொண்டு நான் என் ஜெராக்ஸைப் பார்த்தேன்.

அதற்கடுத்த வாரம் ஆபித் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "பிளக்கப் பாத்தா பெட்ரோல் கூடுதல்ங்குது. என்ஜினத் தொட்டா பெட்ரோல் பத்தலைங்குது. ரெண்டுல எது பொய் சொல்லுதுன்னு தெரியலையே அக்கா" என்றான். எனக்கு என்ன தெரியும்? ஆதார் கார்டை இரண்டு பக்கமும் ஒரே தாளில் எடுக்கத் தெரியும். கடைசியில் அவன் பிளக்கை நம்பினான். நூற்றியைந்து மாட்டினான்.

தேவதானம் பக்கம் ஒரு கண்மாயில் ரேஸ். மூன்றாவது சுற்று, நீளமான நேர்ப்பாதை, முழு வேகம். என்ஜின் அப்படியே இறுகி நின்றுவிட்டது. பின்சக்கரம் சுற்ற மறுத்ததும் வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, அல்லாஹ் காப்பாற்றினான் என்றார் ரமீஜா. எந்தச் சாமி காப்பாற்றினாலும் சரி என்று நானும் கும்பிட்டுக்கொண்டேன்.

வண்டியைப் பிரித்துப் பார்த்தது ராஜபாளையம் லேத் பட்டறை பொன்னுராஜ். பிஸ்டன் முழுக்க மேலிருந்து கீழாகக் கீறல். பார்த்ததும், ஆயில் போதவில்லை, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டார். பிஸ்டன் பிடித்தால் ஆயில் குறைவு, இது டூ-ஸ்ட்ரோக் ஓட்டுகிற குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. ஆயில் ஊற்றியது யார்? பாய். ரேஸ் பிடிக்காதது யாருக்கு? பாய்க்கு. ஆபித்தின் அம்மா அசீனா இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பையன் ஓட்டுவதை நிறுத்தத்தான் மனுஷர் வேண்டுமென்றே அளவைக் குறைத்துவிட்டார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லிவிட்டார். அது பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வர ஒரு நாள் ஆகவில்லை.

மூன்றாம் நாள் ரிஸ்வானா போன் பண்ணினாள். பாய்க்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் அங்கேதான் நின்றேன்.

"அத்தா, கொறச்சீகளா? உள்ளதச் சொல்லுங்க, நான் கோவப்பட மாட்டேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷர் வாயைத் திறந்தார், மூடினார். தன் பிள்ளை தன்னிடம் இதைக் கேட்கும் என்று அவர் வாழ்நாளில் ஒத்திகை பார்த்ததில்லை. அந்த மௌனத்தை ரிஸ்வானா ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். அதன்பின் இரண்டு மாசம் அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, பாய் ராஜபாளையம் பஸ் ஏறவில்லை. ரமீஜா மட்டும் போய் வந்தார், இரண்டு பக்கமும் திட்டினார்.

அதை விடக் கொடுமை ஒன்று நடந்தது. மகாராஜபுரத்துச் சிவனாண்டி முப்பது வருஷத்து வாடிக்கை. ஒருநாள் பாய் குவளையைக் கவிழ்க்கப் போகும்போது, அவர் குனிந்து குவளைக்குள் பார்த்தார். நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார். அவர் போனபிறகு பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் மேல் எரிந்து விழுந்தேன், பாவம், அவர் வெறும் சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்.

மறுநாள் நானே மெடிக்கலில் ஐம்பது மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி வந்து பாயை உட்கார வைத்தேன். ஒருவேளை குவளை நசுங்கிச் சின்னதாகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவருக்கும் இருந்திருக்கிறது, ராத்தூக்கம் இல்லாமல் அதையே உருட்டி உருட்டிப் பார்த்திருக்கிறார். குவளையில் ஆயிலை நிறைத்து டம்ளரில் கவிழ்த்து சிரிஞ்சில் இழுத்தோம். முப்பது. மறுபடி முப்பது. ஐந்து தடவையும் முப்பது. குவளையில் பழுதில்லை, கையில் பழுதில்லை. பின்னே எப்படிப் பிடித்தது?

"பாய், அதுக்கு மேல ஒண்ணு சரிப்பீகளே, அது?" என்றேன்.

"அது கொசுறும்மா. அது கணக்குல வராது."

எனக்குப் பொறி தட்டியது. வீராதி வீரி மாதிரி எழுந்து நின்றேன். முப்பதுக்கும் மேலே ஊற்றியவர் எப்படிக் குறைத்தவராவார்? மாப்பிள்ளையிடம் எவ்வளவு என்று கேட்டபோது முப்பது என்று மட்டும் சொன்னீர்களே, மேலே விழுந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொடுத்த கொசுறை வாயால் சொல்லிக் காட்டுகிறதா என்று என்னையே முறைத்தார். ஆனாலும் அவர் முகத்தில் இரண்டு மாசத்துக்கு அப்புறம் வெளிச்சம் வந்தது. குறைக்கவில்லை, கூட்டித்தான் கொடுத்திருக்கிறோம், இதைப் போய்ச் சொன்னால் தீர்ந்தது. குவளை, ஆயில் பாட்டில், சிரிஞ்சு எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே ராஜபாளையம் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவர் புதுமாப்பிள்ளை மாதிரி சட்டைக் காலரை இரண்டு முறை சரிசெய்துகொண்டார்.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். ஆபித் தோளில் கட்டோடு நாற்காலியில். அசீனா கட்டிலில். ரிஸ்வானா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள், வாங்க என்று எங்களைப் பொதுவாகச் சொன்னாள், அத்தா என்று சொல்லவில்லை. பாய் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னார். "மாப்ள, நான் கொறைக்கல. ஒவ்வொரு குவளைக்கும் மேல கொசுறு ஊத்துனேன். பொறவு வண்டி சூடாகுதுன்னீக, அதையும் கூட்டித்தான் ஊத்துனேன். வேணும்னா அளந்து காட்டுறேன்."

ஆபித்தின் முகம் மலரும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கறுத்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

"அய்யோ மாமா," என்றான் மெதுவாக. "அதுனாலதான் புடிச்சிருக்கு."

ஆபித் எங்களுக்காக மூன்று தடவை சொன்னான், மூன்றாவதில்தான் எனக்குப் பாதி புரிந்தது. புகையும் பிளக்கின் கறுப்பும் பெட்ரோலால் வந்ததில்லை, கொசுறு ஆயிலால் வந்தது. முப்பதுதான் என்று மாமா சொன்னதை நம்பி அவன் பெட்ரோல்தான் கூடுதல் என்று ஜெட்டைச் சின்னதாக்கினான். அந்த ஓட்டை வழியாகப் போவதில் ஏற்கெனவே ஆயில் தன் பங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டது, மீதி இடம்தான் பெட்ரோலுக்கு. ஓட்டையும் சின்னதானதும் பெட்ரோல் போதாமல் போனது. பெட்ரோல் போதாவிட்டால் என்ஜின் கொதிக்கும். கொதிக்கிறது என்றதும் மாமா இன்னும் ஊற்றினார். புகை கூடியது. ஜெட் இன்னும் சின்னதானது. அந்தச் சூட்டில் பிஸ்டன் உப்பி இறுகிவிட்டது, அத்தனை ஆயில் இருந்தும். பொன்னுராஜ் கீறலைத்தான் பார்த்தார், வந்த வழியைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் கூடக் குடுத்தேனா, கொறச்சுக் குடுத்தேனா?" என்று கேட்டார் பாய். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். "ஆயிலக் கூடக் குடுத்தீக, அதுல பெட்ரோல் கொறஞ்சு போச்சு" என்றான் ஆபித். பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குறைக்கவில்லை என்று சொல்ல வந்த மனுஷர், தன் வாயால் சொன்ன முப்பது பொய் என்றும், அந்தப் பொய்யை நம்பித்தான் பிள்ளை விழுந்தான் என்றும் தெரிந்துகொண்டார். நான்தான் கூட்டி வந்தேன்.

ஆபித் மெக்கானிக் இல்லையா, அவனுக்கு நம்பர் வேண்டியிருந்தது. கொசுறு எவ்வளவு என்று தெரிந்தால்தான் எந்த ஜெட் சரியாக இருந்திருக்கும் என்று பார்க்க முடியும் என்றான். ஒரு டம்ளரை நீட்டி, வழக்கம்போல் ஒரு சரிப்பு சரிக்கச் சொன்னான். பாய் பாட்டிலை எடுத்தார். சும்மா எப்படிச் சரிக்கிறது, எதிரில் ஆள் வேண்டாமா என்றார். சரி, சிவனாண்டிக்கு ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றான் ஆபித். பாய் கண்ணைச் சுருக்கி எதிரில் சிவனாண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி, சரித்தார். சிரிஞ்சில் இழுத்துப் பார்த்தது ரிஸ்வானா. மில்லி பார்ப்பது அவள் தொழில்.

"ஆறு" என்றாள்.

புல்வெட்டுகிற மாரிக்கனிக்கு ஊற்றச் சொன்னார்கள். அவளுக்கு நாலு பிள்ளைகள், தனியாகப் பாடுபடுகிறவள். பதினொன்று. ஆபித்துக்கு நெற்றி சுருங்கியது, ஆளுக்கு ஒரு அளவா என்று கேட்டான். பாய்க்கே இது செய்தி. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் விழுகிறது என்று முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். பரிபூரணம் அக்கா ஜெனரேட்டருக்கு என்றான் ஆபித். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்று. பதினேழு வருஷப் பழக்கத்துக்கு மூன்று மில்லி. அதைப் பற்றி அவரிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

"கடைசியா எனக்கு ஊத்துங்க மாமா" என்றான் ஆபித். இதற்கு நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை, ஆள் எதிரிலேயே இருந்தான். தோளில் கட்டு, முகத்தில் சிராய்ப்பின் தழும்பு. பாய் அவனைப் பார்த்தார். பாட்டிலைச் சரித்தார். ஆயில் விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது.

ரிஸ்வானா சிரிஞ்சை இழுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கோடுகளை மறுபடி எண்ணினாள். கொறச்சீகளா என்று கேட்டவள் அவள்.

"இருவத்தாறு" என்றாள், பாதிக் குரலில். "அத்தா, இருவத்தாறு."

அசீனா எட்டி அந்தச் சிரிஞ்சை வாங்கிப் பார்த்தார். பேசியது தப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முந்தானையால் சிரிஞ்சின் வெளிப்பக்கத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். ஆபித் மட்டும் குனிந்து டம்ளரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டு அவிழ்ந்ததும் மறுபடி ஓட்டத்தான் போகிறேன், ஆயிலும் நீங்கள்தான் ஊற்ற வேண்டும் என்றான். "ஆனா ஒண்ணு மாமா. எனக்கு ஊத்துறப்ப என் மொகத்தப் பாக்காதீக. செவத்தப் பாத்து ஊத்துங்க."

அங்கேயே ஒருமுறை ஊற்றிக் காட்டச் சொன்னான். பாய் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். குவளையை நிறைத்தார், டம்ளரில் கவிழ்த்தார். பாட்டில் பிடித்த கை பழக்கத்தில் தானாக எழும்பியது. மறு கையால் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே நின்றார். ரிஸ்வானா அளந்து பார்த்து முப்பது என்றாள். இதுதான் மாமா சரி, அம்புட்டுத்தான் என்றான் ஆபித்.

பாய் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"இன்னைக்குத்தான் மாப்ள, மொத தடவையா ஒங்களுக்குக் கொறச்சிருக்கேன்."